ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்: கஷ்டம் சரி, நியாயமா?

அரைத்தூக்கம்:

விண்கல்லுக்குள் காலனி கட்டிப் பிழைக்க வைக்கும் இந்தக் கணினி விளையாட்டைப் பற்றி எங்கே கேட்டாலும் “கஷ்டம்தான், ஆனால் நியாயமான கஷ்டம்” என்கிறார்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பாதியில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆரம்பம் அருமை. மூன்று டூப்புகள் (நம் குட்டி ஆட்கள்), அவர்களை அச்சிட்டுத் தரும் ஒரு பிரின்டிங் பாட், சுற்றிலும் பாறை. பாசியைத் தோண்டி ஆக்சிஜன் தரும் டிஃப்யூசரில் போடு, சாப்பாட்டுக்கு மீல்வுட் செடி நடு, கழிப்பறை கட்டு, கட்டில் போடு. ஐம்பதாவது சைக்கிள் (விளையாட்டின் ஒரு நாள்) வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் திடீரென்று ஒரு நாள் மீல்வுட் வளர மாட்டேன் என்கிறது. ஏன் என்று பார்த்தால் சூடு. சூட்டைத் தணிக்க எதையாவது ஓட்டலாம் என்றால் மின்சாரம் போதவில்லை. மின்சாரத்தைக் கூட்டினால் இன்னும் சூடு. நூறைத் தாண்டுவதற்குள் பட்டினி, ஒருத்தி அழுகிறாள், ஒருத்தன் வாந்தி எடுக்கிறான், இன்னொருத்தன் பேட்டரியைப் போட்டு உடைக்கிறான்.

தோற்பதில் எனக்கு வருத்தம் இல்லை. தோல்வி நாற்பது சைக்கிளுக்கு முன்பே முடிவாகியிருக்கிறது, அந்த நாற்பது சைக்கிளும் என்னைச் சும்மா ஆட விட்டிருக்கிறது. அதுதான் எரிச்சல். இதை எப்படி நியாயம் என்கிறீர்கள்? தயவுசெய்து “விக்கியைப் படி” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குழாய்ப்பித்தன்:

விளையாட்டு சொல்லவில்லை என்பதை ஏற்க மாட்டேன். சொல்கிறது, கத்திச் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு டூப் நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் இழுக்கும். ஒரு சைக்கிள் 600 நொடி. அப்படியென்றால் தலைக்கு 60 கிலோ. டிஃப்யூசர் நொடிக்கு 550 கிராம் பாசியை விழுங்கி 500 கிராம் ஆக்சிஜன் தரும், அதாவது ஐந்து பேருக்குப் போதும். இடைவிடாமல் ஓடினால் சைக்கிளுக்கு 330 கிலோ பாசி. உங்களுக்கு எட்டுகிற பாசியை 330-ஆல் வகுத்துப் பார்த்தால் எத்தனை சைக்கிளுக்கு மூச்சு இருக்கிறது என்று முதல் நாளே தெரியும். இந்த எண்கள் எல்லாம் அந்தந்தப் பொருளைத் தட்டினால் வலப்பக்கம் எழுதியே இருக்கின்றன. யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை, ஏனென்றால் திரை முழுக்கப் பச்சைப் பசேல் என்று பாசி தெரிகிறது.

சரி, பாசி குறைவது கண்ணுக்குத் தெரியும். சூடு அப்படியில்லை. நிலக்கரி ஜெனரேட்டர் 600 வாட் தருகிறது என்று மகிழ்கிறோம். அது விடும் கரியமில வாயு 110 டிகிரியில் வெளியே வருகிறது. பேட்டரி, டிரான்ஸ்ஃபார்மர், ஆராய்ச்சி மேசை என்று ஆளுக்குக் கொஞ்சம் சேர்க்கும். இந்தச் சூடு எங்கும் போகாது. பயோம் எனும் நிலப்பகுதிகளைச் சுற்றியிருக்கும் அபிசலைட் பாறை சூட்டைக் கடத்தாது, ஆகவே நீங்கள் உண்டாக்கியது உங்களோடுதான் இருக்கும். ஆரம்ப இடம் இருபது சொச்சம் டிகிரி, மீல்வுட்டின் உச்சவரம்பு 30. உங்களுக்குக் கொடுத்திருக்கும் இடைவெளியே அவ்வளவுதான். சூடு கந்துவட்டிக் கடன் மாதிரி, வாங்கும்போது தெரியாது.

இன்னொன்று. பாசி தீர்ந்ததும் எல்லோரும் தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசருக்கு மாறுவோம் இல்லையா? அது தரும் ஆக்சிஜன் குறைந்தது 70 டிகிரி. மூச்சுத் திணறலிலிருந்து தப்பிக்க நாம் எடுக்கும் அந்த முடிவுதான் தோட்டத்தைக் கொல்கிறது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

எஃப்3:

என் பெயரைப் பாருங்கள். வெப்ப வரைபடம் காட்டும் அந்தப் பொத்தானை அவ்வப்போது அழுத்தினால் போதும்.

அரைத்தூக்கம்:

அழுத்தினால் நிறம் தெரிகிறது. என்ன செய்வது என்று தெரிவதில்லையே.

@குழாய்ப்பித்தன், எலக்ட்ரோலைசர் விஷயம் நீங்கள் சொல்லித்தான் புரிகிறது. ஆனால் அது என் பேச்சுக்குத்தானே வலு சேர்க்கிறது? ஒரு பிரச்சினைக்குச் சரியான தீர்வை எடுத்த ஆளைத் தண்டிக்கிறது.

குழாய்ப்பித்தன்:

தண்டிக்கவில்லை, அடுத்த பிரச்சினையைக் கையில் கொடுக்கிறது. அந்த 70 டிகிரி ஆக்சிஜனைக் குளிர்ந்த இடம் வழியாக ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பினால் தீர்ந்தது. பனி பயோமுக்குள் நாலு வளைவு வளைத்துக் குழாயை இழுங்கள். ரொம்ப நாள் தாங்கும். நிரந்தரமாகத் தாங்காது, ஆனால் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம்.

விக்கிவிரோதி:

“அடுத்த கட்டம்” என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! அந்த அடுத்த கட்டம் என்ன என்று நான் சொல்கிறேன், படிப்பவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

சூட்டை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்த அக்வாட்யூனர் வேண்டும். குழாயில் வரும் திரவத்தை 14 டிகிரி குளிர வைத்து, அந்தச் சூட்டைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். 1,200 வாட் குடிக்கும். சாதாரண வயர் 1,000 வாட்டுக்கு மேல் தாங்காது, அதனால் வயரையும் மாற்ற வேண்டும். சூடேறிய அக்வாட்யூனரை என்ன செய்வது? அதைத் தண்ணீரோடு ஒரு காப்பு அறைக்குள் பூட்டி, தண்ணீர் கொதித்து நீராவியாகி, 125 டிகிரியைத் தாண்டியதும் மேலே இருக்கும் டர்பைன் அதை உறிஞ்சி 95 டிகிரி தண்ணீராகத் திருப்பி விட வேண்டும். சாதாரண உலோகத்தில் செய்த அக்வாட்யூனர் அந்த 125 டிகிரியிலேயே சூடு தாங்காமல் பழுதாக ஆரம்பிக்கும். ஆக எஃகு. எஃகு 100 கிலோ செய்ய இரும்பு 70, சுத்திகரித்த கார்பன் 20, சுண்ணாம்பு 10. அக்வாட்யூனர் ஒன்றுக்கு 1,200 கிலோ உலோகம். அதாவது 120 கிலோ சுண்ணாம்பு. சுண்ணாம்பு எங்கே? முட்டை ஓட்டை நொறுக்க வேண்டும், இல்லையென்றால் புதைபடிவத்தைத் தேடிப் போக வேண்டும்.

இதில் எந்தப் படியை ஒரு புது ஆட்டக்காரர் தானாகக் கண்டுபிடிப்பார்? ஒவ்வொரு பொருளின் விளக்கத்தையும் தனித்தனியே படிக்கலாம். இந்த இரண்டு இயந்திரங்களையும் ஒரே அறையில் மேலும் கீழுமாக வைக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. யூடியூபில் யாரோ செய்ததைப் பார்த்து எல்லோரும் அதையே கட்டுகிறோம், அப்புறம் “நியாயமான கஷ்டம்” என்று மார்தட்டுகிறோம். விடைத்தாளைப் பார்த்து எழுதியவர் பரீட்சை சுலபம் என்று சொல்லக் கூடாது.

நீராவி:

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். டர்பைனின் விளக்கத்திலேயே எத்தனை டிகிரி நீராவி வேண்டும், எத்தனை டிகிரி தண்ணீர் வெளியே வரும் என்று இருக்கிறது. 125-க்கு மேல் உள்ளே போய் 95-ஆக வெளியே வருகிறது என்றால் நடுவில் இருந்த சூடு எங்கே போனது என்று கேட்டாலே போதும். அதுதான் இந்த விளையாட்டில் சூட்டை நகர்த்தாமல் நிஜமாகவே அழிக்கிற முக்கியமான இடம். அக்வாட்யூனர் தன்னைச் சுற்றிச் சூடாக்கும் என்பதும் எழுதியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், முதலில் யாரோ அப்படித்தானே கண்டுபிடித்தார்கள்?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டர்பைனே 100 டிகிரியைத் தாண்டினால் நின்றுவிடும் என்பதைப் பெரும்பாலோர் அது நின்ற பிறகுதான் கவனிப்பார்கள். சூட்டைத் தின்கிற இயந்திரத்தையே குளிர வைக்க வேண்டும் என்பது முதலில் கேட்கும்போது கேலி மாதிரித்தான் இருக்கும். அதே குளிர்குழாயின் ஒரு கிளையை டர்பைன் பின்னால் ஓட்டினால் சரியாகிவிடும்.

பீக்கர்:

வேதியியல் படித்தவன் என்ற முறையில் ஒரு சின்னக் குறிப்பு. எலக்ட்ரோலைசர் 1 கிலோ தண்ணீரை 888 கிராம் ஆக்சிஜன், 112 கிராம் ஹைட்ரஜன் என்று பிரிக்கிறது. இது கதையில்லை, தண்ணீரில் எடைப்படி ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன்தான். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் தண்ணீரை மின்பகுத்துத்தான் ஆக்சிஜன் எடுக்கிறார்கள்.

மற்ற கணக்கெல்லாம் விளையாட்டுக் கணக்கு. நிஜ மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.84 கிலோ ஆக்சிஜன் போதும். டூப்புக்கு 60 கிலோ. அது வெளியே விடும் கரியமில வாயு நொடிக்கு 2 கிராம், மீதி 98 கிராம் எங்கே போனது என்று கேட்கக் கூடாது. நிறை அழியாமை விதி இந்த விண்கல்லில் செல்லாது.

ஆனால் அரைத்தூக்கம் சொன்ன “காரணம் முன்பே நடந்துவிட்டது” என்ற உணர்வு இருக்கிறதே, அது நிஜத்துக்கு மிக நெருக்கம். அரிசோனாவில் பயோஸ்ஃபியர் 2 என்ற மூடிய கட்டடத்துக்குள் 1991 செப்டம்பரில் 8 பேர் போனார்கள். உள்ளே ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கி 14.5 சதவீதத்துக்கு வந்தது. கடைசியில் 1993-இல் வெளியிலிருந்து ஆக்சிஜனை ஏற்ற வேண்டியிருந்தது. காரணம் என்ன? உரம் நிறைந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவாக விட்டன. அதைச் செடிகள் திருப்பித் தந்திருக்க வேண்டும், ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் அந்த வாயுவை உறிஞ்சிக்கொண்டுவிட்டது. கான்கிரீட் ஊற்றிய நாளிலேயே விஷயம் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் யாரும் எஃப்3 கொடுக்கவில்லை.

எஃப்3:

எஃப்1. ஆக்சிஜனுக்கு எஃப்1.

ரிம்வாசி:

ரிம்வேர்ல்டு என்ற இன்னொரு காலனி விளையாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறேன், அடிக்காதீர்கள். அங்கேயும் மூன்று பேர்தான் விழுந்து பிழைப்பார்கள், அங்கேயும் காலனி அழியும். ஆனால் அங்கே அழித்தது யார் என்று தெரியும். கதைசொல்லியாக ராண்டியைத் தேர்ந்தெடுத்தால் அவன் நினைத்த நேரத்தில் நினைத்ததை அனுப்புவான். கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், சுட்டார்கள், செத்தோம். திட்டுவதற்கு ஒரு ஆள் இருக்கிறான்.

ஓஎன்ஐ-யில் (ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்) திட்ட ஆளில்லை. நீங்கள் எல்லோரும் இதை அதன் பெருமையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதுதான் மூச்சு முட்டுகிறது. விளையாட்டில் எதிர்பாராதது எதுவும் நடக்காது என்றால் கதையும் நடக்காது. என் ரிம்வேர்ல்டு காலனிகளைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். “குழாயில் ஓட்டம் நின்றது, ஆகவே செத்தோம்” என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

குழாய்ப்பித்தன்:

என்னிடம் சொல்லலாம் ப்ரோ, நான் கேட்பேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ரிம்வேர்ல்டில் சொத்து சேரச் சேரத் தாக்குதல் பெரிதாகும். நன்றாக ஆடினால் விளையாட்டே எதிரியைப் பெரிதாக்கும். இங்கே நன்றாக ஆடினால் நிஜமாகவே நிம்மதி கிடைக்கும். தண்ணீர் சுழல்கிறது, ஹைட்ரஜன் ஜெனரேட்டர் தன் எலக்ட்ரோலைசரைத் தானே ஓட்டுகிறது, கையே வைக்காமல் பத்து சைக்கிள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு அந்தப் பத்து சைக்கிளுக்காகத்தான் இந்த விளையாட்டு.

ரிம்வாசி:

மீன்தொட்டி பார்க்கிற ஆசை உங்களுக்கு. சரி, அவரவர் ருசி.

நேர்வழி:

நியாயம் பற்றிப் பேசும்போது யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். இங்கே நீங்கள் பெருமையாகச் சொல்லும் “இயற்பியல்” பாதி ஓட்டைதான். வரைபடத்தின் ஒரு சதுரக் கட்டத்துக்குள் ஒரு வாயு மட்டும்தான் இருக்க முடியும். அதனால் வாயு வெளியேறும் வென்ட்டின் மேல் ஒரு சொட்டுத் திரவத்தை நிறுத்தி, அழுத்த வரம்பை ஏமாற்றி, ஒரு சின்ன அறைக்குள் டன் கணக்கில் வாயுவை அடைக்கிறார்கள். படிக்கட்டு மாதிரி இரண்டு சொட்டுத் திரவம் விட்டால் கதவே இல்லாமல் வாயுவைத் தடுக்கும் பூட்டு. நேர்மையாகக் கட்டுபவர் ஏர்லாக்கையும் பம்பையும் வைத்துக்கொண்டு திண்டாடுவார், ஓட்டை தெரிந்தவர் சொட்டு விட்டுவிட்டுப் போய்விடுவார். கஷ்டத்தின் அளவே இந்த ரகசியம் தெரியுமா தெரியாதா என்பதில் இருக்கிறது என்றால் அது என்ன நியாயம்?

நீராவி:

திரவப் பூட்டை ஓட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுக் கழிப்பறை வளைகுழாயில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுப்பதும் அதுதானே? எல்லையில்லாச் சேமிப்பு பற்றி நீங்கள் சொல்வது சரி, நானும் பயன்படுத்துவதில்லை. தனி ஆட்டம்தானே, ஒருவர் செய்தால் இன்னொருவருக்கு நட்டமில்லை.

நேர்வழி:

நட்டமில்லை. ஆனால் உதவி கேட்கும் புதியவர்களுக்கு முதல் பதிலாக அதைத்தான் தருகிறார்கள். எந்தச் சந்தேகத்தைக் கேட்டாலும் ஒரு சொட்டு விடு என்கிறார்கள்.

எட்டுபேர்போதும்:

எல்லோரும் இயந்திரம் பற்றிப் பேசுகிறீர்கள், ஆட்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நூறாவது சைக்கிளுக்குள் சாகும் காலனிகளில் பெரும்பாலானவை கூட்டத்தால் சாகின்றன என்பது என் கட்சி.

பிரின்டிங் பாட் மூன்று சைக்கிளுக்கு ஒருமுறை ஆள் வேண்டுமா என்று கேட்கும். சும்மா கிடைக்கிறதே என்று எடுப்போம். ஒவ்வொரு டூப்பும் 60 கிலோ ஆக்சிஜன், 1,000 கிலோகலோரி. வளர்ப்பு மீல்வுட் ஒன்று மூன்று சைக்கிளுக்கு 600 கிலோகலோரி தரும், ஆக தலைக்கு ஐந்து செடி. செடி ஒன்றுக்குச் சைக்கிளுக்கு 10 கிலோ மண். பன்னிரண்டு பேர் என்றால் அறுபது செடி, சைக்கிளுக்கு 600 கிலோ மண். மண் எங்கிருந்து வரும்? இதோடு கட்டில், கழிப்பறை, சாப்பாட்டு மேசை, அவற்றுக்கு மின்சாரம், அந்த மின்சாரத்துக்குச் சூடு.

“வேண்டாம்” என்று சொல்லப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துங்கள். ஆளுக்குப் பதிலாகப் பொருள் வந்தால் பொருளை எடுங்கள். எட்டுப் பேரோடு நிறுத்தினால் ஒரு எலக்ட்ரோலைசர் எல்லோருக்கும் மூச்சு கொடுக்கும், 888-ஐ 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வாய்வழி மூச்சு விடுகிற குணம் உள்ளவரை எடுத்துவிட்டு எட்டு என்று எண்ணாதீர்கள், அவர் கூடுதலாக இழுப்பார்.

அரைத்தூக்கம்:

இது எனக்கு நேராக உறைக்கிறது. மூன்று சைக்கிளுக்கு ஒருமுறை அந்த மணி அடித்ததும் எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றும். வேண்டாம் என்று சொன்னால் ஏதோ இழப்பு என்கிற மாதிரி விளையாட்டே நடந்துகொள்கிறதே.

எட்டுபேர்போதும்:

ஆமாம், அந்த ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு நான் உடன்படுகிறேன். அது தூண்டில்தான்.

சும்மாஆடு:

நான் “நோ ஸ்வெட்” என்ற சுலப நிலையை வைத்துத்தான் ஆடுகிறேன். யாரும் சிரிக்க வேண்டாம். பசி குறைவு, மன அழுத்தம் குறைவு, சூடு மட்டும் அப்படியே. நிதானமாகத் தப்பு செய்து நிதானமாகத் திருத்த நேரம் கிடைக்கிறது. இரண்டையும் ஆடிப் பார்த்தால் வழக்கமான “சர்வைவல்” நிலை வைத்திருப்பது அவசரத்தை மட்டும்தான் என்று தெரியும், புதிதாக ஒரு புதிரும் இல்லை.

விக்கிவிரோதி:

இந்த இழையிலேயே உருப்படியான பேச்சு இதுதான். அவசரத்தை எடுத்துவிட்டால் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கிறது. பட்டினி துரத்தும்போது யார் டர்பைனை வைத்து ஆராய்ச்சி செய்வார்கள்? நேராக விக்கிக்குத்தான் ஓடுவோம்.

குழாய்ப்பித்தன்:

மறுக்க முடியவில்லை. ஆனால் அவசரம் இல்லாவிட்டால் நான் எஃகு பக்கமே போயிருக்க மாட்டேன், நூறாவது சைக்கிளிலும் மின்சாரத்துக்குக் கைச்சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பேன்.

தொலைவிண்கல்:

ஸ்பேஸ்டு அவுட் வைத்திருக்கிறவர்கள் யாரும் இல்லையா? 2021-இல் முழுமையாக வெளிவந்த விரிவாக்கம் அது. ஒரே பெரிய விண்கல்லுக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பல. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது, ராக்கெட்டில் ஏற்றி இறக்க வேண்டும், மேலே கதிர்வீச்சு வேறு. 2019-இல் வந்த மூல ஆட்டத்தை நன்றாக ஆடியவர்கள்கூட அதில் திணறுவார்கள். சூடு பற்றிய இந்தச் சண்டை எல்லாம் அங்கே போனால் பழைய கதை. ஒரு விண்கல்லில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு விண்கல்லில் ஒருவர் பசியோடு ஏணியில் நிற்பார், கவனித்திருக்கவே மாட்டோம்.

எனக்குக் கஷ்டமே வேறு: முந்நூறு, நானூறு சைக்கிள் தாண்டினால் கணினி முனகுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வாயு, வெப்பம், கிருமி எல்லாவற்றையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே. டூப்புகள் நடப்பதே படம் படமாகத் தெரியும். காலனி செழிப்பாக இருக்கும், ஆடத்தான் முடியாது.

எட்டுபேர்போதும்:

அதற்கும் ஆள் குறைவுதான் மருந்து. கீழே சிந்திக் கிடக்கும் பொருள்களைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், போகாத இடத்துக்கு ஏணி வைக்காதீர்கள், வளர்ப்புப் பிராணிகளைக் கட்டுக்குள் வையுங்கள். டூப் வழி தேடும் வேலை குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

அரைத்தூக்கம்:

சரி, நியாயமா இல்லையா என்பதை ஒத்தி வைப்போம். இப்போது என் கையில் ஒரு காலனி சாகாமல் இருக்கிறது. மீல்வுட் அறை 28 டிகிரி. இரண்டு நிலக்கரி ஜெனரேட்டர்கள் அதற்கு நேர் கீழே, நடுவில் சாதாரண டைல். எஃகு இல்லை, இரும்பு கொஞ்சம் இருக்கிறது. இடது பக்கம் பனி பயோம் திறந்திருக்கிறது. ஆட்கள் ஒன்பது. பாசி தீரப் போகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

குழாய்ப்பித்தன்:

28 என்றால் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை.

முதலில் புது ஆள் எடுப்பதை நிறுத்துங்கள். இரண்டாவது, ஜெனரேட்டர்களை இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டுங்கள். தோட்டத்துக்குக் கீழே வைத்தால் சூடு நேராக மேலே ஏறும். கரியமில வாயு கீழே தங்கும் ஒரு பள்ளத்தில், காலனியின் அடிமட்டத்துக்கும் கீழே, சுற்றிலும் காப்பு டைல் வைத்துக் கட்டுங்கள். காப்பு டைலுக்கு இக்னியஸ் பாறை போதும். ஸ்மார்ட் பேட்டரி கிடைத்ததும் அதன் சிக்னலை ஜெனரேட்டருக்கு இழுங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது ஜெனரேட்டர் ஓடாது, நிலக்கரியும் மிச்சம், சூடும் மிச்சம். பலருடைய காலனியில் பாதிச் சூடு தேவையே இல்லாமல் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து வருவதுதான்.

மூன்றாவது, எலக்ட்ரோலைசர் கட்டும் முன் ஆக்சிஜன் குழாய் எந்த வழியாகப் போகும் என்று வரைந்துகொள்ளுங்கள். பனி பயோம் வழியாகப் போகட்டும். அங்கே மட்டும் சூட்டைக் கடத்தும் ரேடியன்ட் குழாய், வெளியே வந்ததும் காப்புக் குழாய்.

நீராவி:

பனி பயோமில் சூட்டை உறிஞ்சும் வீஸ்வொர்ட் செடி இருந்தால் ஒன்றிரண்டைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நடலாம், ஃபாஸ்ஃபரைட் உரம் போட வேண்டும். வேகம் கம்மிதான். ஆனால் நீங்கள் குறைக்க வேண்டியது இரண்டு மூன்று டிகிரிதானே.

நேர்வழி:

பனியை மொத்தமாக உருக்கிவிடாதீர்கள். அது உங்கள் ஒரே குளிர்ப்பெட்டி. குழாயில் ஒரு வெப்ப உணரியும் ஷட்டாஃப் வால்வும் வைத்து, ஆக்சிஜன் இருபத்தைந்துக்கு மேல் இருக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் திருப்புங்கள்.

விக்கிவிரோதி:

கவனித்தீர்களா? ஒரு புதிய ஆள் சரியான கேள்வி கேட்டதும் மூன்று பேர் வந்து கையில் விக்கியைக் கொடுத்துவிட்டார்கள்.

அரைத்தூக்கம்:

கொடுத்தவர்களுக்கு நன்றி. ஜெனரேட்டரை இடித்தால் புதிது தயாராகும் வரை மின்சாரம் இருக்காதே, டிஃப்யூசர் நின்றுவிடுமே?

எட்டுபேர்போதும்:

பள்ளத்தில் ஒன்றைக் கட்டி ஓட விட்டுவிட்டு, அப்புறம் மேலே இருப்பதை இடியுங்கள். இடையில் குறைந்தால் இரண்டு பேரைக் கைச்சக்கரத்தில் ஏற்றுங்கள், ஒன்றுக்கு 400 வாட் வரும். டிஃப்யூசருக்கு 120 தான்.

அரைத்தூக்கம்:

சரி. பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டேன். கீழே சேறு இருக்கிறது, கெட்ட காற்று வருகிறது.

எஃப்3:

எஃப்9. கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோண்டு. காற்றைச் சுத்தம் செய்யும் டியோடரைசர் இரண்டு வை, மணல் போடு.